தரிசு என்று எழுதப்பட்ட காடு

புலம்பெயர்ந்து வந்த எம்மவரிற் பலருக்கு முதல் வேலை கொடுத்தவை உணவகச் சமையலறைகள். பாத்திரம் கழுவுவதில் தொடங்கிப் பொரிக்கும் சட்டி வரை முன்னேறிய நாம் எத்தனை ஆயிரம் லீற்றர் எண்ணெயைக் கையாண்டிருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. அதிற் கணிசமான பங்கு பாம் எண்ணெய். அந்த மரத்தை மலேசியத் தமிழர் செம்பனை என்பர். இலங்கையின் தோட்டங்களில் அதற்குக் கட்டுப்பொல் என்றும் முள்ளுத்தேங்காய் என்றும் பெயர். பர்மியர் அதன் எண்ணெயைச் ‘சா ஓன் சீ’ என்பர். ஐரோப்பாவின் சமையலறைகளுக்கு வரும் எண்ணெய்த் தகரங்களிலும் பெட்டிகளிலும் சில காலமாக ஒரு வாசகம் சேர்ந்திருக்கிறது: பொறுப்புடன் பெறப்பட்டது, காடழிக்காதது. நல்ல வாசகம்தான். ஆனால் காடு என்றால் எது, அழித்தல் எந்த நாளிலிருந்து கணக்கிடப்படுகிறது, அந்தக் காட்டில் யார் இருந்தார்கள் என்று அது சொல்வதில்லை. இந்தக் கேள்விகளை எழுப்புவதற்கு றங்கூனைவிடப் பொருத்தமான நகரம் வேறில்லை என்பது எமது எண்ணம்.

யங்கோன் என்று இப்போது அழைக்கப்படும் றங்கூன், 2005இல் அரச அலுவலகங்கள் நேப்பிடோவுக்குப் பெயரத் தொடங்கிய பின்னும் பர்மாவின் வணிகத் தலைநகராகவே இருக்கிறது. நாட்டுக்கு வேண்டிய பாம் எண்ணெய் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் கப்பலில் இங்குதான் வந்து இறங்குகிறது. நாட்டின் எண்ணெய் விலையும் றங்கூன் சந்தையை வைத்தே பேசப்படுகிறது. பர்மியரின் பழைய எண்ணெய் இதுவல்ல. மக்வே, மண்டலே பக்கத்து வறண்ட நிலங்களில் விளையும் எள்ளும் நிலக்கடலையுமே அவர்களது அடுப்புக்கு எண்ணெய் கொடுத்தன. நல்லெண்ணெயின் மணம் அறிந்த எமக்கு அது அந்நியமானதல்ல. விலை குறைந்த பாம் எண்ணெய் வந்ததும் ஏழைகளின் சமையல் அதன் பக்கம் சாய்ந்தது. 2022 ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா தன் ஏற்றுமதியைச் சில வாரங்கள் நிறுத்தியது. பர்மாவின் நாணயமும் வீழ்ந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டில் றங்கூன் மக்கள் அரசு குறித்த விலையில் எண்ணெய் வாங்கப் போத்தல்களுடன் வரிசையில் நின்றார்கள். வரிசையில் நிற்பவளுக்கு அந்த எண்ணெய் எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று கேட்க வழியுமில்லை, நேரமுமில்லை.

இறக்குமதிக்குக் கொடுக்கும் அந்நியச் செலாவணியை மிச்சப்படுத்த வேண்டும் என்பதுதான் இராணுவ அரசு சொன்ன காரணம். 1999இல் நாட்டின் தென்கோடியான தனிந்தாரிப் பிராந்தியத்தை நாட்டின் எண்ணெய்க் கிண்ணமாக்கப் போவதாக அது அறிவித்தது. வெள்ளையர் காலத்தில் தெனாசரிம் என்று அழைக்கப்பட்ட நீண்ட, ஒடுங்கிய கரையோரம் அது. மேற்கே அந்தமான் கடல், கிழக்கே தாய்லாந்தின் மலைகள். தவாய், மெர்குய் என்ற துறைமுகப் பெயர்களைப் பர்மாவுக்குப் போய்வந்த பழைய தமிழர்கள் அறிவார்கள். தாழ்நிலத்து மழைக்காடுகளிற் பெரும் பரப்பாக எஞ்சியவை அங்குதான் இருந்தன. எம்மூர் ஆறுமணிக்குருவியின் உறவான குர்னி பிற்றா என்ற பறவை, 1914இற்குப் பின் பர்மாவில் எவர் கண்ணிலும் படாமலிருந்து, 2003இல் அந்தக் காடுகளிலேதான் மீண்டும் காணப்பட்டது.

திட்டம் காகிதத்தில் வேகமாக வளர்ந்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் நாற்பதுக்கு மேற்பட்ட கம்பனிகளுக்குச் சுமார் 10 இலட்சம் ஏக்கர் செம்பனைக்கென எழுதிக் கொடுக்கப்பட்டது. அதில் நடப்பட்டது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இந்த இடைவெளிக்குக் காரணங்கள் உண்டு. செம்பனைக்கு ஆண்டு முழுவதும் சீரான மழை வேண்டும். தனிந்தாரியிலோ பருவமழை கொட்டித் தீர்த்தபின் பல மாதங்கள் வறட்சி. வடக்கே போகப் போக அது இன்னும் கடுமை. பழக்குலை வெட்டி ஓரிரு நாட்களுக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெய் கெட்டுவிடும். ஆலையும் பாதையும் இல்லாத இடத்தில் நட்ட மரம் வெறும் நிழல்தான். ஆனால் நிலத்தைத் துப்புரவாக்கும்போது விழும் மரங்களுக்கு உடனே விலை உண்டு. தோட்டம் என்ற பெயரில் நிலம் பெற்று, மரத்தை விற்றுவிட்டு, செம்பனையை மறந்தவர்கள் இருந்தார்கள் என்று இத்துறையை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

மரத்துக்காகவும் பயிருக்காகவும் பர்மாவின் காடுகள் விழுந்தது இது முதல் தடவையல்ல. முதற் தடவை நடந்தபோது அதற்குள் நாமும் இருந்தோம். அதனால் அந்தக் கதையை இங்கே சொல்லாமல் மேலே போக முடியாது.

1852இல் பிரித்தானியர் கீழ்ப் பர்மாவைக் கைப்பற்றியபோது ஐராவதிக் கழிமுகம் பெரும்பாலும் கண்டற் காடும் சதுப்பும் உயர்ந்த புல்லுமாக இருந்தது. நெல் விளைந்த நிலம் எட்டு இலட்சம் ஏக்கர் அளவே. 1869இல் சுயெஸ் கால்வாய் திறந்தது. ஐரோப்பாவில் அரிசிக்குச் சந்தை பெருகியது. 1930களில் கீழ்ப் பர்மாவின் நெல் நிலம் 87 இலட்சம் ஏக்கர் அளவுக்கு வந்துவிட்டது. எண்பது ஆண்டுகளில் பத்து மடங்கு! காட்டை வெட்டியவர்கள் பர்மியக் குடியானவர்கள். வெட்டுவதற்கும் மாடு வாங்குவதற்கும் முதல் அறுவடை வரை சாப்பிடுவதற்கும் வேண்டிய கடன் வந்தது செட்டிநாட்டிலிருந்து. றங்கூனின் மொகல் வீதியில், இப்போதைய ஷ்வேபொந்தா வீதியில், பாய் விரித்துப் பெட்டகத்துடன் உட்கார்ந்த கடைகளே அந்தக் காடழிப்பின் வங்கி. 1930 அளவில் பர்மா முழுவதும் 1,600க்கு மேற்பட்ட செட்டியார் கடைகள் இருந்தன. அடுத்த ஆண்டுக் குடிசன மதிப்பின்படி றங்கூன் மக்களிற் பாதிக்கு மேல் இந்தியர்.

உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல் விலை சரிந்தபோது கடன் நிலமாக மாறியது. முதன்மையான நெல் மாவட்டங்களின் நிலத்தில் 1930இல் சுமார் 6 வீதம் செட்டியார்களிடம் இருந்தது. 1937 அளவில் அது 25 வீதமாயிற்று. காட்டை வெட்டி வயலாக்கியவன் தன் வயலிலேயே குத்தகைக்காரனானான். 1930இன் கலவரத்தையும் அதன் பின் வந்தவற்றையும் இந்தப் பின்னணியை விட்டுவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது. 1942இல் யப்பானியப் படைகளுக்கு முன்னால் கால்நடையாக ஓடி வழியில் மாண்டவர்களும், 1964இல் கடைகள் தேசியமயமானபின் கப்பலேறியவர்களும் பெரும்பாலும் கூலிகள், சிறு வியாபாரிகள், எழுதுவினைஞர்கள். வட்டி வாங்கியவர்களின் கணக்கை வட்டி வாங்காதவர்களும் கட்டினார்கள். சென்னையின் பர்மா பஜாரில் அத்தோ விற்கும் குடும்பங்களிடம் இந்த வரலாறு இன்னும் இருக்கிறது.

‘பொறுப்பான கொள்வனவு’ என்ற எண்ணமும் அந்தக் காலத்திலேயே பர்மாவில் பிறந்துவிட்டது. 1856இல் பெகு காடுகளின் கண்காணிப்பாளராக டீற்றிச் பிராண்டிஸ் என்ற ஜேர்மானியர் நியமிக்கப்பட்டார். தேக்கை வணிகர்கள் கண்டபடி வெட்டி முடித்துவிடுவார்கள் என்ற பயம் பிரித்தானியருக்கு இருந்தது. கப்பல் கட்டத் தேக்கு வேண்டுமே! பிராண்டிஸ் காட்டுக்குள் நடந்து மரங்களை எண்ணினார். ஓர் ஆண்டில் எத்தனை மரம் வெட்டலாம் என்று கணக்குப் போட்டார். எதிர்காலத்துக்கும் மரம் இருக்க வேண்டும் என்ற அவரது கணக்கு நேர்மையானது. உலகின் வனவியலுக்கே அது பாடமாயிற்று. ஆனால் அந்தக் காடுகளில் சேனைப் பயிர் செய்து வாழ்ந்த கரென் மக்கள் அக்கணக்கில் முதலில் காட்டின் எதிரிகளாகவே எழுதப்பட்டார்கள். பிறகு ஓர் ஏற்பாடு வந்தது. அவர்கள் தமது சேனையில் நெல்லுக்கு இடையே தேக்கங்கன்றும் நட வேண்டும். ஓரிரு அறுவடையின் பின் நிலத்தைத் தேக்கிற்கு விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். பர்மிய மொழியில் மலைச் சேனையைக் குறிக்கும் ‘டாங்யா’ என்ற சொல்லே அந்த முறைக்கும் பெயரானது. காடு காப்பாற்றப்பட்டது. ஆனால் அது யாருடையது என்பது மாறிவிட்டது.

இதை மனதில் வைத்துக்கொண்டு தனிந்தாரிக்குத் திரும்புவோம். அங்கும் மலையடிவாரங்களில் வாழ்பவர்கள் கரென் மக்கள். கமுகும் மரமுந்திரிகையும் நட்டு, மலைச் சரிவில் நெல் விதைத்து, சில ஆண்டுகள் நிலத்தை ஆறவிட்டு மீண்டும் திரும்பும் வாழ்க்கை அவர்களுடையது. 1997இல் கரென் தேசிய ஒன்றியத்துக்கு எதிராக இராணுவம் பெரும் படையெடுப்பு நடத்தியது. கிராமங்கள் வெறுமையாகின. மக்கள் காட்டுக்குள்ளும் தாய்லாந்து எல்லை முகாம்களுக்கும் போனார்கள். ஆளில்லாத தோட்டத்தில் புல் ஏறும், பின் செடி ஏறும், பத்தாண்டில் மரம் ஏறும். மேலேயிருந்து பார்ப்பவனுக்கு அது காடு. அலுவலகத்தில் இருப்பவனுக்கு அது தரிசு. 2012 சனவரியில் போர்நிறுத்தம் வந்து திரும்பியவர்களிற் சிலர் தமது நிலத்தில் செம்பனை நிற்கக் கண்டார்கள்.

அதே 2012இல்தான் பர்மாவில் ‘வெற்று, தரிசு, கன்னி நிலங்கள்’ பற்றிய சட்டம் வந்தது. உறுதி இல்லாத நிலம் எதையும் வெற்று நிலமாகக் கணக்கிட்டுக் கம்பனிக்குக் கொடுக்க அது வழி செய்தது. மலை மக்களிடம் உறுதி ஏது? 2018இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. அப்படிப்பட்ட நிலத்தில் இருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் அனுமதி கோர வேண்டும். தவறினால் இரண்டு வருடம் வரை சிறை. முகாமில் இருந்தவனுக்கு இந்த அறிவித்தல் எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும் என்பதை எம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. தனிந்தாரியில் மலேசிய–பர்மியக் கூட்டுக் கம்பனி ஒன்றுக்கு 38,000 ஏக்கர் கொடுக்கப்பட்டதையும், அதனால் நான்கு கரென் கிராமங்களின் கமுகந்தோட்டங்கள் அழிந்ததையும் உள்ளூர் அமைப்புகள் 2016இல் ‘பச்சைப் பாலைவனம்’ என்ற அறிக்கையாக வெளியிட்டன. அங்குள்ள இளைஞர்களே கிராமம் கிராமமாகப் போய்க் கேட்டு எழுதியது அது.

இனித் தகரத்தின் மேலுள்ள வாசகத்துக்கு வருவோம். போர்ணியோவிலும் சுமாத்திராவிலும் காடுகள் எரிந்து, புகை சிங்கப்பூர் வரை மூடிய பின்னரே உலகம் இதைப் பற்றிப் பேசத் தொடங்கியது. 2004இல் வணிகர்களும் சூழல் அமைப்புகளும் சேர்ந்து நிலைபேறான பாம் எண்ணெய்க்கான வட்டமேசை ஒன்றை அமைத்தார்கள். அதன் விதிகளின்படி நடக்கும் தோட்டங்களுக்குச் சான்றிதழ் கிடைக்கும். 2013 டிசெம்பரில் உலகின் மிகப் பெரிய பாம் எண்ணெய் வணிக நிறுவனமான வில்மார், காடழிப்பில்லை, கரிச்சேற்று நிலமில்லை, சுரண்டலில்லை என்ற மூன்று வாக்குறுதிகளை வெளியிட்டது. ஏனைய பெரிய நிறுவனங்களும் தொடர்ந்தன. சிக்கல் ஆலையில் தொடங்குகிறது. நூற்றுக்கணக்கான துண்டு நிலங்களின் பழம் ஒரே ஆலையில் கலந்துவிடுகிறது. பிறகு சுத்திகரிப்பில் இன்னொரு முறை. அதனால் சான்றிதழிலும் பல வகை. நல்ல தோட்டத்து எண்ணெயை வேறாக வைத்து விற்பது ஒரு வகை. கலந்துவிட்டு, கணக்கில் மட்டும் இத்தனை தொன் நல்லது என்று காட்டுவது இன்னொரு வகை. இரண்டாம் வகையில் தகரத்துக்குள் இருக்கும் எண்ணெய் வேறெங்கிருந்தும் வந்திருக்கலாம்.

2023இல் ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சட்டமாக்கியது. பாம் எண்ணெய், மரம், றப்பர், கோப்பி, கொக்கோ, சோயா, மாடு ஆகிய ஏழும் அவற்றிலிருந்து செய்யப்படுபவையும் 2020 டிசெம்பர் 31இற்குப் பின் காடழித்த நிலத்திலிருந்து வரக்கூடாது. விளைந்த நிலத்தின் அகல நெட்டாங்குகளைக் கொடுக்க வேண்டும். 2024 இறுதியில் நடைமுறைக்கு வந்திருக்க வேண்டிய அந்தச் சட்டம் இரு தடவை பிற்போடப்பட்டு, பெரிய நிறுவனங்களுக்கு 2026 டிசெம்பர் எனக் குறிக்கப்பட்டது. 2025 மே மாதம் வெளியான பட்டியலில் உயர் ஆபத்து நாடுகள் என்று நான்கே நான்கு பெயர்கள் இருந்தன: ரஷ்யா, பெலாரஸ், வட கொரியா, பர்மா.

இது பயனற்ற சட்டமென்று நாம் சொல்ல வரவில்லை. எந்தத் துண்டு நிலம் என்று கேட்பது பெரிய முன்னேற்றம். செம்பனையை அடியோடு வெறுப்பதிலும் பொருளில்லை. ஓர் ஏக்கரில் அது தரும் எண்ணெயை வேறெந்தப் பயிரும் தருவதில்லை. அதை நிறுத்தினால் சோயாவுக்கு இன்னும் அதிக நிலம் வேண்டும். ஆனால் தனிந்தாரியை வைத்துப் பார்க்கும்போது சல்லடையின் ஓட்டைகள் தெரிகின்றன.

ஒன்று, திகதி. 1999இலிருந்து 2020 வரை விழுந்த காடு இந்தக் கணக்கில் காடே அல்ல. 2005இல் ஒருவனுடைய கமுகந்தோட்டத்தில் நட்ட செம்பனை இன்று குற்றமற்ற மரம். இரண்டு, சட்டம். பொருள் விளைந்த நாட்டின் சட்டப்படி விளைந்திருக்க வேண்டும் என்கிறது ஐரோப்பிய விதி. காணி உரிமையையும் பூர்வீக மக்களின் சம்மதத்தையும் அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனால் அவையும் அந்நாட்டுச் சட்டத்தில் உள்ள அளவுக்கே. அந்த நாட்டின் சட்டமே ஆளை அழித்துவிட்டு நிலத்தை வெற்று நிலம் என்று எழுதியிருந்தால்? மூன்று, சந்தை. தனிந்தாரியின் எண்ணெய் பெரும்பாலும் ஐரோப்பாவுக்கு வருவதில்லை, நாட்டுக்குள்ளேயே அடுப்பேறுகிறது. எண்ணெய்க்கு வரிசையில் நின்ற றங்கூன் பெண்ணுக்கு எந்தச் சல்லடையும் இல்லை. 2021 பெப்ரவரியில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பின் போய்ப் பார்த்துச் சொல்லவும் ஆளில்லாமற் போயிற்று.

காகிதம் எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதற்குத் தேக்கே சாட்சி. பர்மிய அரச மரக் கூட்டுத்தாபனத்தின் பத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு மரம் சட்டபூர்வமானது என்று சொல்ல முடியாதென 2016இல் சுவீடன் நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. நூற்றி அறுபது ஆண்டுக் கணக்குப் புத்தகம் உள்ள தேக்கின் நிலையே அதுவென்றால், செம்பனையின் நிலை என்ன?

காடு காக்க வந்தவர்களும் இதே பிழையைச் செய்யக்கூடும். தனிந்தாரியில் மலை முதல் கடல் வரை பாதுகாப்பு வலயங்களை உருவாக்க ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம் முன்னின்ற ஒரு பெருந்திட்டத்தை எதிர்த்து, கரென் கிராமங்களின் சார்பில் 2018இல் அந்த நிறுவனத்திடமே முறைப்பாடு செய்யப்பட்டது. அகதிகள் இன்னும் திரும்பவில்லை, அதற்குள் அவர்களது காட்டைச் சரணாலயமாக எழுதினால் அவர்கள் எங்கே திரும்புவது என்பதுதான் அவர்களது கேள்வி. திட்டம் இடைநிறுத்தப்பட்டது. காட்டை வெட்ட வந்த கம்பனியிடமும் காக்க வந்த நிறுவனத்திடமும் அந்த மக்கள் ஒரே கேள்வியைக் கேட்க நேர்ந்தது.

எமக்கு இந்தக் கேள்வி புதியதல்ல. இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமை நிரூபிக்கப்படாத காடும் தரிசும் முடிக்குரியவை என்று சொன்னது. கண்டிச் சீமையின் சேனை நிலங்கள் ஏக்கர் 5 சிலிங்குக்குக் கோப்பித் துரைமார் கைக்குப் போயின. அந்தக் காடுகள் விழுந்த மலைகளில் முதுகு ஒடிந்தவர்கள் தமிழகத்திலிருந்து நடந்து வந்த தமிழர்கள். காணியிழந்த சிங்களக் குடியானவனும் காணியே இல்லாத தமிழ்த் தொழிலாளியும் ஒரே சட்டத்தின் இரு பிள்ளைகள். 1897இல் தரிசு நிலச் சட்டம் வந்தது. 1931இன் காணி நிர்ணயச் சட்டம் அதன் வாரிசு. அந்தப் பழைய சட்டத்தின் கீழ்தான் 2025 மார்ச் 28இல், வடக்கில் ஏறத்தாழ 5,900 ஏக்கருக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகும் என்று வர்த்தமானி அறிவித்தல் வந்தது. உரிமை கோர வேண்டியவர்களிற் பலர் ரொறொன்ரோவிலும் பாரிசிலும் இருந்தார்கள். உறுதிகள் இடம்பெயர்வுகளில் தொலைந்திருந்தன. எதிர்ப்பு எழுந்தது, யூன் மாதம் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அதற்கு முன் 2013இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க ஒட்டிய அறிவித்தல்களில், உரிமையாளரைக் கண்டறிய முடியவில்லை என்ற காரணம் இருந்தது. அவர்களிற் பலர் சில மைல் தொலைவில் நலன்புரி முகாம்களில் இருந்தார்கள்.

செம்பனை விடயத்திலும் இலங்கை ஒரு பாடம். 1960களில் காலி மாவட்டத்து நாக்கியாதெனியாவில் தொடங்கிய செம்பனை, சுமார் 11,000 ஹெக்டேயர் வரை பரவியது. 2021 ஏப்ரலில் சனாதிபதி கோத்தாபய ராஜபக்ச ஒரே உத்தரவில் பாம் எண்ணெய் இறக்குமதியைத் தடைசெய்து, நின்ற மரங்களையும் கட்டங்கட்டமாகப் பிடுங்கச் சொன்னார். மண்ணும் நீரும் காக்கவென்று சொல்லப்பட்டது. அந்தத் தோட்டங்களில் வேலை செய்தவர்களின் நிலை என்ன என்பது உத்தரவுக்குப் பின்னரே பேசப்பட்டது. மலேசியாவில் றப்பர் செம்பனையாக மாறியபோது லயங்களைவிட்டு வெளியேறிய தமிழர்களுக்கு நடந்ததும் இதுவே. பயிர் மாறும்போது தொழிலாளியைக் கேட்பதில்லை. பயிர் போகும்போதும் கேட்பதில்லை.

ஆகவே புலம்பெயர்ந்த நாம் இந்த விடயத்தில் வெறும் வாடிக்கையாளர்களாகப் பேச முடியாது. றங்கூன் கழிமுகத்தில் காடு வெட்டக் கடன் கொடுத்தவர்களின் மொழி எம்முடையது. கண்டி மலையிலும் மலாயாவிலும் காடு வெட்டிய கைகளும் எம்முடையவை. ஆளில்லாக் காணி என்று எழுதப்பட்டவையும் எமது காணிகள். மூன்று பக்கத்தையும் அறிந்தவர்கள் என்ற முறையில் ஒன்றைக் கேட்கும் தகுதி எமக்கு உண்டு. மரம் எந்தத் திகதியில் விழுந்தது என்று கேட்கும் சான்றிதழ், மனிதர் எந்தத் திகதியில் போனார்கள், ஏன் போனார்கள் என்றும் கேட்க வேண்டும். போர் நடந்த நிலத்தில் அரச பதிவேட்டை மட்டும் சாட்சியாக எடுக்கக்கூடாது. அகதி முகாமின் பதிவேடும் ஒரு காணிப் பதிவேடுதான்.

தனிந்தாரியின் கரென் கிராமங்கள் சில, தமது நிலத்தைத் தாமே அளந்து வரைபடம் வரைந்திருக்கின்றன. எது கமுகு, எது சேனை, எது மீன் பிடிக்கக் கூடாத மடு, எது வெட்டவே கூடாத காடு என்று அவற்றில் குறித்திருக்கிறார்கள். பர்மிய அரசு அவற்றை உறுதியாக ஏற்கவில்லை. பிரசல்ஸ் கேட்கும் அகல நெட்டாங்கைவிட அவற்றில் கூடுதலான விபரம் உண்டு. காடழிக்காத எண்ணெய் வேண்டும் என்பவர்கள் முதலில் அந்த வரைபடங்களை வாங்கிப் படிக்கட்டும். யாழ்ப்பாணத்தில் தாத்தாவின் காணிக்கு நான்கு எல்லையும் வாயால் சொல்லத் தெரிந்த கிழவிகள் எமக்குள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதையும் நாம் இப்போதே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.